எட்டுக் குறைய

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே,
பேக்கரிச் சூடு பலகை வழியே ஏறிவரும் மாடி அறையில்
பழைய பென்டியம் ஒன்று வைத்திருக்கிறேன்,
மூடி இல்லாமல்.
அகலக் கேபிள் இன்னும் அதில்தான் பொருந்தும்.

கிளாக்கர் ஐயா மழையோடு வந்தார்.
பால்மாப் பைக்குள் சுற்றிய ஹார்ட் டிஸ்க்,
தோட்ட ஆபீஸ் சாமான்களை ஏலம் போட்டபோது
கணக்கில் வராமல் வந்ததாம்.
"டிலானி பெரியபிள்ளையான படமெல்லாம் இதிலதான்.
தம்பி ஒருத்தன் பழைய மெஷினுக்கு மாத்தித் தந்தான்.
அதுக்குப் பிறகு டீ டிரைவே தெரியுதில்ல பிள்ளை."

ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் தொங்கினால்
ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ்.
எது எதுவென்று சொல்ல ஒரு ஜம்பர்:
நெல்லைவிடக் கொஞ்சம் பருமனான கறுப்புப் பிளாஸ்டிக்,
உள்ளே இரண்டு ஊசிகளைக் கைகோக்க வைக்கும் தகடு.
இரண்டு மாஸ்டர் ஒரே கேபிளில் நின்றால்
திரைக்கு இருவரையுமே தெரியாது.

"ஜம்பரா? வெலிக்கடையில உடுத்துறதா?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
இந்தக் கம்பெனி டிஸ்க்கில்
ஸ்லேவுக்கு எதுவுமே மாட்டவேண்டாம்,
உள்ளதைக் கழற்றினால் போதும்
என்பதைச் சொல்லவில்லை.

கழற்றினேன். டின்னில் போட்டேன்.
பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

லேபிள் தேய்ந்திருந்தது.
டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து,
குட்டிக் கட்டங்களில் எந்தப் புள்ளி நிரம்பியது என்று
விரலால் எண்ணிப் பார்த்தேன்.
சில பழைய போர்டுகளுக்கு
முப்பத்திரண்டு கிகாவுக்குமேல் எண்ணவராது,
பெரிய டிஸ்க்கைக் கண்டால் பூட்டும்போதே விறைத்துவிடும்.
அதற்காக ஒரு ஜம்பர்.
மாட்டினால், நாற்பது உள்ள டிஸ்க்
தன்னை முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொள்ளும்.
மிச்சம் எங்கேயும் போவதில்லை.
கேட்பவனுக்குச் சொல்லப்படுவதில்லை.

அம்மா இருபது கிலோ கொழுந்து நிறுத்தால்
பதினாறு விழும் துண்டில்.
ஈரத்துக்கு இரண்டு. சாக்குக்கு இரண்டு.
வெயில் காய்ந்த பெப்ரவரியிலும் ஈரத்துக்கு இரண்டு.

இடுக்கியால் இழுத்து, பல்லிடுக்கில் வைத்தேன்.
இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது
சின்னச் சாமான் எல்லாம் என் வாயில்தான்.
கேபிளின் சிவப்புக் கோடு பவர்ப் பக்கம்.
அழுத்தினேன். பூட்டினேன்.
டிஸ்க் இரண்டுமுறை செருமிவிட்டுச் சுழன்றது.

டீ வந்தது.

டிலானி வந்தாள், குருத்தோலைப் பந்தலுக்குக் கீழே
முகம் முழுக்கப் பவுடராய்,
அவள் பின்னால் கேக் வெட்டக் காத்திருக்கும் மாமிகள்.
ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
நான் கீழே உருட்டினேன்.
செக்றோல், மேற்பிரிவு, இரண்டாயிரத்து நாலு.
மவுஸ் தானாகத் திறந்ததுபோலத்தான் திறந்தேன்.

பெயர். நிறை. கழிவு. வரவு.
லெட்சுமாயி இருபத்தைந்து, ஐந்து, இருபது.
பேச்சியம்மை பதினைந்து, மூன்று, பன்னிரண்டு.
அடுத்த நாளும் அவர்கள்.
அதற்கடுத்த நாளும்.
இரண்டு விரலால் அடித்த எழுத்துப்பிழைகள்கூட
மாதாமாதம் அதே இடத்தில்.

"துரை சொல்றத அடிக்கிறதுதானே நம்ம வேல."
நான் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் மழை மட்டும் தகரத்தில்.
"படத்த மட்டும் சீடியில போட்டுத் தாங்க.
பிறகு அந்தக் கறுப்ப
இருந்த இடத்திலயே மாட்டிருங்க பிள்ளை."

"விழுந்திருச்சு ஐயா," என்றேன்
நாக்கை அதிகம் அசைக்காமல்,
"பலகைச் சந்துல."

என் டோர்ச்சை வாங்கிக்கொண்டார்.
நனைந்த காற்சட்டை முழங்கால் இரண்டையும்
பலகையில் ஊன்றிக் குனிந்தார்.
கீழே பணிஸ் தட்டு இழுபடுகிறது.
வாய்க்குள் தகரமும் உப்பும்.

"கிடைக்கும் பிள்ளை," என்கிறார்,
"சின்னச் சாமான். எங்க போயிரும்?"